ரியர் மெயின் சீல் அல்ல, கூலர் லைன்: ஒரு பழைய பிக்கப்பின் ஆயில் கசிவும் அதற்குக் கண்ட தீர்வும்

வண்டி 1990களின் நடுவில் வந்த அரை டன் பிக்கப். 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முதல் உரிமையாளர் டிரெய்லர் இழுப்பதற்காக வாங்கியது. அதனால் கனரகக் கூலிங் வசதியோடு வந்திருந்தது: பெரிய ரேடியேட்டர், அதன் பக்கத் தொட்டிக்குள் எஞ்சின் ஆயிலுக்கென்று ஒரு கூலர், அங்கிருந்து ஆயில் ஃபில்டர் வரைக்கும் போய்வர இரண்டு லைன்கள். இப்போதைய உரிமையாளர் அதில் டிரெய்லர் மாட்டியதே இல்லை. வேலைக்குப் போய்வருவது, எப்போதாவது பின்னால் கொஞ்சம் மரமோ சிமெண்டோ ஏற்றுவது, அவ்வளவுதான்.

அவர் சொன்ன குறை எளிமையானது. ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துவிட்டு ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "இறக்கிடலாமா தம்பி, இல்ல இப்படியே ஊத்தி ஊத்தி ஓட்டிக்கட்டுமா?" என்றுதான் என்னிடம் கேட்டார். முதலில் கழுவிப் பார்த்துவிடலாம் அண்ணே என்றேன்.

அந்த இரண்டு பேர் அப்படிச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது. பெல் ஹவுசிங்கின் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடு) அடிப்பக்கம் முழுக்க ஈரம், ஸ்டார்ட்டர் மேல் ஆயிலும் தூசியும் சேர்ந்து பசையாகப் படிந்திருந்தது, சொட்டு விழுந்ததும் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. ஆனால் இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் பின்பக்க மெயின் பேரிங் கேப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஆயில் பிளாக்குக்குள் ஏறி, இடது பின் மூலையில் உள்ள ஃபில்டருக்குப் போகிறது. பிரஷர் உள்ள ஆயில் எஞ்சினை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் முதல் இடம் அதுதான். பெல் ஹவுசிங்கிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. ஆக, ஃபில்டரைப் பிளாக்கோடு இணைக்கும் அடாப்டர் கசிந்தாலும், அதில் மாட்டிய லைன் கசிந்தாலும், எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் கசிந்தாலும் ஆயில் வந்து சேரும் இடம் ஒன்றே. 1986க்குப் பிந்தைய இந்த எஞ்சின்களில் ரியர் மெயின் சீல் ஒற்றைத் துண்டாக வருகிறது. பழைய இரண்டு துண்டு சீல் அளவுக்கு அது தொல்லை கொடுப்பதில்லை. அதனால் என் சந்தேகப் பட்டியலில் சீலுக்குக் கடைசி இடம்தான்.

கசிவைத் தேடியது

டிகிரீசர் அடித்து, அடிப்பக்கம் முழுவதையும் கழுவிக் காயவிட்டேன். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கோடு கீழே போனேன். ஐடிலிங்கில் பத்து நிமிடம் ஓடியும் எதுவும் தெரியவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தபோதுதான் கசிவு முகம் காட்டியது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் பம்ப்பின் பிரஷர் உச்சத்தில் நிற்கும். சூடான எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுக் கசிவு தேடுகிறவர்கள் பல நேரம் வெறுங்கையோடு எழுந்து வருவது இதனால்தான்.

பச்சை ஒளி முதலில் தெரிந்தது சொட்டு விழுந்த இடத்தில் அல்ல, அதற்கு இரண்டு அடி முன்னால். கூலர் லைன் முழுக்க இரும்புக் குழாயால் ஆனதில்லை. எஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது என்பதால் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டு வைத்து, அதன் இரு முனைகளிலும் உலோகக் காலரை நசுக்கிப் பிடித்திருப்பார்கள். அந்தக் காலரின் விளிம்பில் மோதிரம் போலப் பச்சை வளையம். அங்கிருந்து ஆயில் குழாயின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடந்து, அடாப்டர் அருகே உள்ள வளைவில் சொட்டாகத் திரண்டது. வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதை பெல் ஹவுசிங் மேல் வீசியிருக்கிறது. அடாப்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டிலும் லேசான ஈரம் இருந்தது. பெல் ஹவுசிங்கின் ஆய்வு மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். ஃப்ளைவீல் பக்கம் காய்ந்து கிடந்தது. சீல் நல்லபடியாக இருக்கிறது.

இது சாதாரணச் சொட்டு அல்ல, இதை அவரிடம் அழுத்திச் சொன்னேன். டேப்பட் கவரில் கசிவது பிரஷர் இல்லாத ஆயில், அது சொட்டும், எரியும், நாறும், அதோடு நிற்கும். கூலர் லைனில் ஓடுவது பம்ப்பிலிருந்து நேராக வரும் ஆயில். அந்தக் காலர் ஒருநாள் நழுவினால் பம்ப்பே சம்ப்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை, காலி செய்துவிடும். இந்த எஞ்சினில் இருப்பது ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட், அதாவது ஏறக்குறைய 4.7 லிட்டர். நெடுஞ்சாலை வேகத்தில் அது போக ஓரிரு நிமிடங்கள் போதும். டேஷ்போர்டில் விளக்கு எரிவதைக் கவனித்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைப்பதற்குள் பேரிங் போய்விட வாய்ப்பு உண்டு. அதனால் ஊற்றி ஊற்றி ஓட்டுவது என்ற யோசனையை நான் ஏற்கவில்லை.

கூலர் வேண்டுமா என்ற கேள்வி

லைனைப் புதிதாக மாற்றுவதுதான் முதலில் தோன்றும் வழி, அதில் தவறும் இல்லை. ஆனால் அதே வடிவில் வரும் புதிய லைனிலும் அதே நசுக்கிய காலர் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவும் இதே இடத்துக்கு வரும். திருகி மாட்டும் ஃபிட்டிங்குகளோடு நல்ல ஹோஸ் செய்து மாட்டுவது இன்னும் உறுதியான வழி. கூலர் கட்டாயம் தேவைப்படும் வண்டிக்கு நான் அதைத்தான் செய்வேன். இந்த வண்டிக்கு அது தேவையா என்பதை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது.

எனக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது ஒன்று: இதே எஞ்சின், இதே வருடம், இதே வண்டி, கூலர் இல்லாமலும் விற்கப்பட்டது. கூலர் ஒரு கூடுதல் வசதி. அது இல்லாத வண்டிகளில் ஃபில்டர் ஒரு சாதாரண அடாப்டர் வழியாக நேரே பிளாக்கில் உட்கார்கிறது. வடிவமைத்தவர்களே சாதாரண ஓட்டத்துக்கு இது போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதைவிட நல்ல சான்று கிடைக்காது. உங்கள் வண்டிக்கு அப்படிக் கூலர் இல்லாத ஒரு இரட்டைப் பிறவி இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு லைனைக் கழற்றாதீர்கள். டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கூலர் பிளாக்கிலேயே பூட்டியிருக்கும், டர்போவின் பேரிங்கும் அதே ஆயிலில்தான் வாழ்கிறது. அங்கே கூலர் எஞ்சினின் ஒரு அங்கம். அதில் கைவைக்கக் கூடாது. கனமான டிரெய்லர், நீண்ட மலைப்பாதை, பாரத்தோடு மெதுவாக ஊர்ந்து நாள் முழுக்க ஓடும் வேலை என்று இருந்தாலும் கூலர் இருக்கட்டும்.

ஆயில் சூடாவதில் இரண்டு பக்கமும் உண்டு. 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகாத ஆயிலில் எரிப்பிலிருந்து வந்த தண்ணீரும் பெட்ரோல் ஆவியும் தங்கிவிடும். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளின் ஆயில் ஃபில்லர் மூடியில் வெள்ளைக் கூழ் படிவது அதனால்தான். மறுபக்கம், சூடு ஏற ஏற ஆயில் வேகமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலர், தெர்மோஸ்டாட் திறக்கும்வரை குளிர்ந்த கூலன்டில் மூழ்கியிருக்கிறது. அதாவது காலையில் எஞ்சின் சூடேற வேண்டிய நேரத்தில் அது ஆயிலைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது. இவருடைய ஓட்டத்துக்கு அது நன்மை அல்ல.

என்றாலும் ஊகத்தில் விட மனம் வரவில்லை. டிரெயின் போல்ட்டுக்குப் பதிலாக டெம்பரேச்சர் சென்சார் கொண்ட போல்ட் ஒன்றைப் பூட்டி, மெக்கானிக்கல் பிரஷர் கேஜும் மாட்டி, கழற்றுவதற்கு முன்பே அளந்துகொண்டேன். அவர் வழக்கமாகப் போகும் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு சம்ப்பில் 98 டிகிரி. அவர் எப்போதாவது ஏறும் நீண்ட மேட்டில், பின்னால் 300 கிலோ பாரத்தோடு, 104. கழற்றிய பிறகு அதே மேட்டில் 120ஐத் தாண்டினால் மறுபேச்சில்லாமல் புதிய லைன் போட்டுக் கூலரைத் திரும்ப இணைப்பது என்று வேலையைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்தோம். வேலை முடிந்த பிறகு எல்லையை வைத்தால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி எல்லையை நகர்த்தத் தோன்றும்.

லைனை அடைத்தால் போதாது

இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எஞ்சின்கள் கெடுவது இங்கேதான்.

கூலர் உள்ள வண்டியில் பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே தடிமனான ஒரு அடாப்டர் இருக்கிறது. பம்ப்பிலிருந்து வரும் ஆயில் ஃபில்டரில் வடிந்து, அடாப்டரின் ஒரு துளை வழியாக வெளியேறி, கூலரைச் சுற்றி, மற்றொரு துளை வழியாகத் திரும்பி வந்த பிறகுதான் பேரிங்குகளுக்குப் போகிறது. கூலர் கிளை வழி அல்ல, பிரதான வழியின் நடுவில் இருக்கிறது. லைன்களைக் கழற்றிவிட்டு இரண்டு துளைகளிலும் அடைப்பு போட்டால் எஞ்சினுக்குப் போகும் பிரதான வழியையே அடைத்ததாகிவிடும். கூலர் அடைத்துக்கொண்டாலோ குளிரில் ஆயில் கெட்டியானாலோ திறக்க வேண்டிய பைபாஸ் வால்வு அந்த அடாப்டரில் உண்டு. அடைத்த பிறகும் கேஜில் கொஞ்சம் பிரஷர் காட்டுவது அதன் புண்ணியத்தில். அந்தச் சின்ன வால்வு வழியாகவே எஞ்சினின் முழு ஆயிலும் போக வேண்டியிருக்கும். அது அவசரத்துக்குத் திறக்க வைத்தது, ஆயுள் முழுக்கத் திறந்து நிற்க அல்ல.

இரண்டு துளைகளையும் ஒரு குட்டி ஹோஸால் வளைத்து இணைப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆயில் ஓட்டம் தடைபடாது, உண்மை. ஆனால் அதே பிரஷரில், எக்ஸாஸ்ட்டின் சூட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு ரப்பர் துண்டு வந்து உட்காருகிறது. நடுவழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம், நிரந்தரத்துக்கு ஆகாது.

சரியான வழி அந்தத் தடித்த அடாப்டரையே எடுத்துவிட்டு, கூலர் இல்லாத வண்டிக்கு வரும் சாதாரண அடாப்டரை அதற்கான கேஸ்கெட், போல்ட்டுகளோடு பூட்டுவது. அப்போது ஆயில் ஃபில்டரிலிருந்து நேரே பிளாக்குக்குள் போகிறது. ஃபில்டர் அடைத்தால் திறக்கும் பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும்: சிலவற்றில் அடாப்டரில், சிலவற்றில் பிளாக்கில். பழைய அடாப்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வழிகளை விரலால் தொட்டு, வால்வை மழுங்கிய குச்சியால் அழுத்தி அது துள்ளித் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே நான் பூட்டினேன்.

கழற்றியதும் பூட்டியதும்

எஞ்சின் ஆறியதும் பேட்டரியைப் பிரித்தேன். ஆயிலை வடித்தேன். ரேடியேட்டர் பக்கம்தான் பதற்றம் கொடுத்தது. கூலர் உள்ளே இருக்கும் தொட்டி பிளாஸ்டிக். அதில் நிற்கும் ஃபிட்டிங்கை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லைன் பக்கத்தை மற்றொரு ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரோடு பலத்தைக் காட்டினால் உள்ளே இருக்கும் கூலரே முறுக்கிக்கொள்ளும், தொட்டி விரிசல் விடும், ஆயில் கசிவோடு வந்த வண்டிக்குக் கூலன்ட் கசிவும் சேரும். முதல் நாளே துரு நீக்கி அடித்து ஊறவிட்டிருந்ததால் இரண்டும் மல்லுக்கட்டாமல் வந்தன.

கூலரில் தேங்கிய ஆயிலை மெல்லிய காற்றால் ஒரு பாட்டிலுக்குள் ஊதி எடுத்துப் பார்த்தேன். பால் நிறம் இல்லை, தண்ணீர்த் துளி இல்லை. உள்ளே ஆயிலும் கூலன்டும் கலக்கவில்லை என்று தெரிந்தது நிம்மதி. ரேடியேட்டரின் இரண்டு துளைகளுக்கும் உலோக மூடி போட்டேன். இனி அங்கே பிரஷர் இல்லை, மூடாவிட்டாலும் கூலன்ட் வராது. ஆனால் மண் புகுந்துவிட்டால் அந்தக் கூலரைப் பிறகு யாரும் நம்பி எஞ்சினோடு இணைக்க முடியாது.

அடாப்டர் பக்கத்து கிளிப்புகள் துருவேறி ஃபிட்டிங்கோடு ஒட்டியிருந்தன. அடாப்டரையே எடுக்கப் போவதால் அவற்றோடு போராடவில்லை. லைனோடு சேர்த்தே இறக்கினேன். அடாப்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கையில் எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவை நீளமானவை, ஏனென்றால் அடாப்டர் தடிமனானது. அதே போல்ட்டுகளை மெல்லிய அடாப்டருக்குப் போட்டால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு டைட்டானதுபோலத் தெரியும், டார்க் ரெஞ்ச்சும் சொடுக்கும், அடாப்டர் மட்டும் லூஸாக இருக்கும். குட்டை போல்ட்டுகளை விரலால் முழுக்கத் திருகிப் பார்த்து, அடியில் முட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே கேஸ்கெட் வைத்து, கையேடு சொன்ன அளவுக்கு டைட் செய்தேன்.

பிளாக்கின் முகத்தில் பழைய கேஸ்கெட் தோல்போல ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுக்க அரை மணி நேரம் ஆனது. அங்கே கீறல் விழுந்தால் வேறு மருந்து கிடையாது, சுரண்டிய துகள் உள்ளே விழுந்தால் நேரே பேரிங்குக்குத்தான் போகும். துளைகளில் துணி அடைத்து வேலை செய்து, பிறகு துணியை எண்ணி எடுத்தேன்.

புதிய ஃபில்டரை ஆயிலால் நிரப்பி மாட்டினேன். 13/16 அங்குல மரைதான் என்பதால் வழக்கமான ஃபில்டரே பொருந்தியது. ஃபில்டரில் நிரப்பியதையும் சேர்த்து 4.7 லிட்டர் ஊற்றி, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, கேஜில் முள் எழும்வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடித்தேன். மூன்றாவது முறையில் முள் எழுந்தது. ஃபியூஸைத் திரும்பப் போட்டு ஸ்டார்ட் செய்து, குளிர்ந்த நிலையிலேயே 2,500 சுற்றில் பிடித்தேன். விளக்கோடு கீழே போனபோது எங்கும் பச்சை இல்லை.

பின்னர் அளந்தவை

அதே பாதை, ஏறக்குறைய அதே வெயில். ஒரு மணி நேரம் சமதளத்தில் ஓட்டியபின் 106 டிகிரி. மேட்டில், 300 கிலோ பாரத்தோடு, 115. வைத்த எல்லைக்கு 5 டிகிரி கீழே. இது தாராளமான இடைவெளி அல்ல என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. இன்னும் கனமான பாரத்தோடு அந்த மேட்டில் ஏறினால் 120ஐத் தொட வாய்ப்பு இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் 80 டிகிரியைத் தொட முன்பு 17 நிமிடம் பிடித்தது, இப்போது 14.

சூடான எஞ்சினில் 2,000 சுற்றில் பிரஷர் 38 பி.எஸ்.ஐ. இருந்தது, 37 ஆனது. ஆயில் சற்று இளகியதன் அடையாளம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இந்த எஞ்சினுக்குக் கையேடு கேட்கும் குறைந்தபட்சம் 1,000 சுற்றில் 6, 2,000ல் 18, 4,000ல் 24 பி.எஸ்.ஐ. மூன்றிலும் நல்ல இடைவெளி இருந்தது.

2,000 கிலோமீட்டர் கழித்து வண்டி திரும்ப வந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒரு கோடுகூட இறங்கவில்லை, பெல் ஹவுசிங் நான் கழுவி விட்ட மாதிரியே இருந்தது. ஆயில் மாற்றும் இடைவெளியை மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். சம்ப் வெப்பம் ஏறியதற்கு அது நேர்மையான ஈடு.

கழற்றிய ஹோஸை அந்தக் காலரோடு சேர்த்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்க ரப்பர் இன்னும் வளைந்தது. உள்பக்கம் கரிக்கட்டிபோல இறுகி, காலர் கடித்த இடத்தில் சுற்றளவில் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. அண்ணனிடம் அதைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நம்பியா இவ்வளவு நாள் ஓட்டினேன்" என்றார்.

பழைய அடாப்டரையும் நீள போல்ட்டுகளையும் துடைத்து, ஆயில் தடவி, பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டேன். பானட்டின் உட்பக்கம் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கிறது: எஞ்சின் ஆயில் கூலர் நீக்கப்பட்டது, டிரெய்லர் மாட்டுவதற்கு முன் திரும்ப இணைக்கவும், ரேடியேட்டர் துளைகள் சுத்தமாக மூடப்பட்டுள்ளன.